மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை: அம்மாவின் கண்ணை யார் யார் பார்த்தார்கள்?

எங்கள் ஊர்க் கண்ணாடிக் கடையில் எட்டு மாதத்திற்குள் இரண்டு முறை பவர் மாற்றிக் கொடுத்த பிறகும் பேருந்தின் ஊர்ப்பலகை மங்கலாகவே தெரிவதாக அம்மா சொன்னதால், மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குச் சென்றோம். கடையில் கம்ப்யூட்டர் பரிசோதனை செய்தவரை நாங்கள் ‘டாக்டர்’ என்றே அழைத்துவந்தோம்; அவரும் மறுத்ததில்லை. கண்ணாடி வெட்டவும் பொருத்தவும் தெரிந்தவர் வேறு, கண் நோயைக் கண்டறியப் படித்தவர் வேறு என்பது இங்கே அரை நாள் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய இந்த மருத்துவமனையில், நோயாளி எடுத்தவுடன் மருத்துவரைப் பார்ப்பதில்லை. பெயர் பதிந்ததும் ஒரு சிஸ்டர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார், இன்னொருவர் கண் அழுத்தத்தை அளந்தார், மூன்றாமவர் சோதனைக் கண்ணாடியில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, “இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சாம்மா?” என்று சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிளஸ் டூ முடித்த, பெரும்பாலும் கிராமத்துப் பெண்களான இவர்களை மருத்துவமனையே தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்றுவிக்கிறது. ஒரே வேலையைத் தொடர்ந்து செய்வதால் அவர்களுக்குக் கை பழகிவிடுகிறது. மருத்துவரின் நேரமும் மிச்சமாகிறது.

வேறு பல மருத்துவமனைகளில் இந்தப் பவர் பரிசோதனையை ஆப்டோமெட்ரிஸ்ட் செய்வார். கண்ணின் பவரை அளக்கப் படிக்கும் ஆப்டோமெட்ரி, பயிற்சிக் காலத்தையும் உள்ளடக்கிய தனிப் பட்டப்படிப்பு. சென்னை சங்கர நேத்ராலயா 1985இல் இதற்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணாடிக்கும் காண்டாக்ட் லென்ஸுக்கும் அளவு எழுதித் தருவார், நோய் இருப்பதாகத் தோன்றினால் மருத்துவரிடம் அனுப்புவார், ஆனால் அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணி விரிந்த பிறகு எங்களைக் கண் மருத்துவரிடம் அனுப்பினார்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மூன்றாண்டுகள் கண் மருத்துவத்தில் எம்.எஸ். படித்தவர். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லாம்ப் கருவியில் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “இப்பல்லாம் கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கிறீங்களா?” என்பதுதான். அம்மா பெருமையுடன் ஆமாம் என்றார். நாங்களும் அதை முருகன் அருள் என்றே நம்பியிருந்தோம். கண்புரை முற்றும்போது கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் நடுப்பகுதி இறுகி, சிலருக்குக் கிட்டத்தில் இருப்பவை சில காலம் தெளிவாகத் தெரியும் என்றும், கண்ணாடியின் பவர் அடிக்கடி மாறியதற்கும் அதுவே காரணம் என்றும் அவர் விளக்கினார். கடைக்காரரின் கருவி பவரை அளந்ததே தவிர, அது ஏன் மாறுகிறது என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால், விழித்திரையை அதற்கெனக் கூடுதல் பயிற்சி பெற்ற மருத்துவர் தனியே பரிசோதித்தார். கண்புரைக்கு அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்றும், அதற்கு முன் புதுக் கண்ணாடி வேண்டாம் என்றும் அவர்களே சொல்லிவிட்டார்கள். அறுவையின்போது கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ்களின் வகையையும் விலையையும் ஆலோசனைப் பிரிவில் பொறுமையாக எடுத்துரைத்தார்கள்.

செல்பவர்கள் அரை நாளை ஒதுக்கி, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சொட்டு மருந்துக்குப் பின் சில மணி நேரம் கண் கூசும், எழுத்து தெரியாது; திரும்பும் வழியில் அம்மாவுக்குப் பேருந்துப் பலகையை நான்தான் படித்துச் சொன்னேன்.