முயலுக்குப் 'பனி வாதம்' என்று ஊசி போட வருபவரை நம்பாதீர்கள் (கொடைக்கானல்)

கொடைக்கானலிலும் சுற்றியுள்ள மலைக் கிராமங்களிலும் முயல் வளர்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் முயல் திடீரென்று பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்தால், பெட் ஷாப்பில் சொல்லி அனுப்பும் "டாக்டரை" வீட்டுக்குள் விடாதீர்கள். எங்களிடம் அந்த ஆள் வாங்கியது 4,300 ரூபாய். பணத்தை விடுங்கள், அவர் கொடுத்த மருந்தில் முயல் செத்திருக்கும்.

புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ், சீசனில் சுற்றுலாக்காரர்களின் குழந்தைகளுக்கு முயல் குட்டி என்று விற்கும் கடை. அவ்வளவு போதும்.

எங்கள் முயல் சாம்பு, சோவியத் சின்சில்லா வகை. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆட்டோடு கறி முயலும் அங்கே உண்டு. அங்கிருந்து வந்த இனத்தைப் பூம்பாறையில் ஒருவர் வளர்க்கிறார், அவரிடம் வாங்கியதுதான். கறிக்கென்று வந்தது, என் மகன் பெயர் வைத்துவிட்டான். பெயர் வைத்த பிறகு யார் குழம்பு வைப்பது?

ஜனவரியில், நல்ல உறைபனி விழும் நாட்களில், ராத்திரி காட்டுமாடு ஒன்று தோட்டத்துக்குள் வந்து சௌசௌ பந்தலைச் சாய்த்துவிட்டது. தகரம் விழுந்த சத்தத்தில் நாங்களே எழுந்துவிட்டோம். கூண்டுக்குள் முயல் தடதடவென்று உதைத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் முன்னங்கால்களால் ஊன்றி, பின்பாதியைச் சாக்குப் போல இழுத்துக்கொண்டு வருகிறது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பெட் ஷாப்புக்குப் போன் செய்தோம்.

"நம்ம டாக்டர் இருக்காருக்கா, வீட்டுக்கே வருவாரு" என்றார் கடைக்காரர்.

வந்தவர் முயலைக் கையில் தூக்கக்கூட இல்லை. ராத்திரி என்ன நடந்தது என்று கேட்கவில்லை. காட்டுமாடு வந்ததை நானாகச் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. "பனி வாதம்க்கா. இந்த மாசத்துல எல்லா முயலுக்கும் வர்றதுதான்" என்று தொடையில் ஓர் ஊசி போட்டார். என்ன ஊசி என்று கேட்டதற்கு "பவர் ஊசி" என்றார். லேபிள் கிழித்த பாட்டிலில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு சிரப் கொடுத்தார். அப்புறம் பத்தியம்: இரண்டு நாள் பட்டினி போட வேண்டும், வயிறு லேசானால் கால் தானாகத் தூக்குமாம். மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்து ஊட்ட வேண்டும். செங்கல்லைச் சூடாக்கி இடுப்பில் ஒத்தடம் கொடுக்க வேண்டும்.

இதில் ஒன்றுகூட முயலுக்கு ஆகாது. அது பின்னால் தெரிந்தது.

இந்த ஏமாற்று எப்படி ஓடுகிறது என்பதுதான் முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊசி போட்ட அன்று மாலை சாம்பு கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரிந்தது. ஒரு காலை அசைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கடைக்காரரிடம் நன்றி சொன்னோம், அடுத்த ஊசிக்கும் "வெளிநாட்டுப் பவுடருக்கும்" பணம் அனுப்பினோம். அந்த ஆளுக்கு ஊரில் இருக்கும் பெயரெல்லாம் அந்த முதல் மாலையால் வந்த பெயர். அடுத்த நாள்களில் முயல் செத்துப்போனால் "பனி தாங்கலைக்கா" என்று முடித்துவிடலாம். முயல்தானே, யார் கேட்கப் போகிறார்கள்?

இரண்டாவது ஊசிக்குப் பிறகு சாம்பு புல்லைத் தொடவில்லை. கழிச்சல் தண்ணீராகப் போனது. வயிறு மேளம் போல இறுகிவிட்டது. அப்போதுதான் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்ட கேள்வியே "ராத்திரி ஏதாவது பயந்துச்சாம்மா?" என்பதுதான்.

குப்பைக் கூடையில் கிடந்த காலி ஊசிக் குப்பியையும் சிரப் பாட்டிலையும் என் கணவர் எடுத்து வந்திருந்தார். குப்பியில் டெக்ஸாமெதாசோன் என்று இருந்தது, ஸ்டீராய்டு. சிரப்பின் லேபிள் கிழிந்த ஓரத்தில் மிச்சமிருந்த எழுத்துகளை வைத்து அது அமாக்ஸிசிலின் என்று டாக்டரம்மா கண்டுபிடித்தார், குழந்தைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக். அவர் முகம் மாறிவிட்டது.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். ஸ்டீராய்டு வீக்கத்தையும் வலியையும் சட்டென்று அமுக்கிவிடும், அதனால்தான் அந்த முதல் மாலை. ஆனால் முயலின் உடம்பு ஸ்டீராய்டைத் தாங்காத உடம்பு, எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும். முதுகெலும்பு முறிந்திருந்தால், வலி தெரியாமல் அது துள்ளி இன்னும் கெடுத்துக்கொள்ளும். அமாக்ஸிசிலின் அதைவிட மோசம். முயலுக்கு வாய்வழியாக அந்த வகை மருந்து போனால் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி விஷம் கக்கும். பல முயல்கள் கால் வியாதியில் சாவதில்லை, இந்தக் கழிச்சலில்தான் சாகின்றன. பட்டினி போடுவதும் அப்படியே. முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பூண்டு, வெங்காயம் முயலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நம்ம மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைதான், அதற்காக முயலுக்கு ஊட்டிவிட முடியாது. செங்கல் ஒத்தடம்? உணர்ச்சி இல்லாத காலில் தோல் வெந்தாலும் அதற்குத் தெரியாது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், போலியைக் கண்டுபிடிக்க அதுவே போதும். டாக்டரம்மா முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தார். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்தி, சாம்பு தலையைத் திருப்புகிறதா என்று கவனித்தார். காலை இழுப்பது மட்டும் போதாதாம். தலை திரும்பினால்தான் வலி மூளை வரை போகிறது என்று அர்த்தம், நம்பிக்கை உண்டு. எங்களுடையது லேசாகத் திரும்பியது. அடிவயிற்றைத் தொட்டு, மூத்திரப் பை நிரம்பி நிற்கிறது என்று மெதுவாக அழுத்தி வெளியேற்றினார். பாதத்தின் அடியில் புண் இருக்கிறதா, தலை ஒரு பக்கம் சாய்கிறதா, கண் ஆடுகிறதா என்றும் பார்த்தார். கால் விழுவதற்குக் காரணம் ஒன்று அல்ல. பயத்தில் உதைத்து முதுகெலும்பு விலகலாம், முறியலாம். ஈ.குனிகுலி என்ற ஒட்டுண்ணி மூளையையும் நரம்பையும் தாக்கலாம். கம்பி வலைத் தரையில் பாதம் புண்ணாகியும் நடக்காமல் இருக்கலாம். பார்க்காமலே "வாதம்" என்பவர் இதில் எதற்கு மருந்து கொடுக்கிறார்?

முயலின் எலும்புகள் அதன் எடையில் 7, 8 சதவீதம்தான். பூனைக்கு 12, 13. ஆனால் பின்னங்கால் தசையோ அசுரப் பலம். அந்தப் பலத்தில் வெறுங்காற்றை உதைத்தாலே இடுப்புக்கு அருகில் முதுகெலும்பு முறிய வாய்ப்பு உண்டு. குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்குகிறவர்களும், பின்பக்கம் தாங்காமல் தூக்குகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எக்ஸ்ரேவுக்குத் திண்டுக்கல் போகச் சொன்னார். மலை இறங்கும்போது எப்படி வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார்: முயல் திரும்ப முடியாத அளவுக்குச் சின்ன அட்டைப் பெட்டி, கீழே தடிமனான துண்டு, இரண்டு பக்கமும் சுருட்டிய துண்டு. வளைவுகளில் உருளாது. எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, தண்டுவடத்தில் அடிபட்ட வீக்கம் என்றார்கள். வலிக்கு மெலாக்ஸிகாம். ஒட்டுண்ணி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாததால் ஃபென்பெண்டசோல் 28 நாள், எடை போட்டு அளந்த அளவில். தாங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு தப்பினால் அதுவும் கெடுதல்.

வீட்டு வேலைதான் பெரிது. தீவனத்தை ஊறவைத்துக் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். மூத்திரப் பையை அழுத்தும் விதத்தை என் கணவர் கற்றுக்கொண்டார். பின்பக்கம் ஈரம் நின்றால் தோல் வெந்துவிடும், மலைக்குக் கீழே சமவெளியில் என்றால் ஈ முட்டை வைத்துவிடும், அதனால் துடைத்து உலர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே குனிந்து தின்னும், அது அதற்குச் சத்து. குனிய முடியாதபோது அதை எடுத்து வாயருகே வைத்தோம். அருவருப்பாக இருக்கிறதா? மூன்றாம் நாள் இருக்காது.

இப்போது சாம்பு தாவுகிறது, இடது பின்னங்கால் மட்டும் கொஞ்சம் கோணல்.

கடைக்குப் போய்க் கேட்டோம். "அவரு டாக்டர்னு நான் சொல்லலையேக்கா, பண்ணையில வேலை பார்த்த அனுபவஸ்தரு" என்றார் கடைக்காரர். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "அரை விலைக்கு வேற குட்டி தர்றேன், எடுத்துக்கோங்க" என்றார். என் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் பேசாமல் வெளியே வந்துவிட்டேன், இல்லையென்றால் மீன் தொட்டி உடைந்திருக்கும்.

சட்டம் இதுதான்: இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம், 1984இன்படி பதிவு பெற்றவர் மட்டுமே கால்நடை மருத்துவம் செய்யலாம். பதிவு எண்ணைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, உண்மையான டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். பெட் ஷாப்புக்கும் 2018 விதிகள்படி மாநில விலங்கு நல வாரியத்தின் பதிவு வேண்டும். அந்தச் சான்றிதழ் கடையில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மாவட்டக் கால்நடைத் துறைக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. அவர்கள் பில் தரவில்லை. ஆனால் பணம் போன்பே வழியாகப் போனது, காலிக் குப்பியும் பாட்டிலும் பத்திரமாக இருக்கின்றன, அரசு டாக்டரின் சீட்டும் இருக்கிறது. உங்களிடமும் இப்படி யாராவது ஊசி போட்டிருந்தால் குப்பியைத் தூக்கி எறியாதீர்கள், தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். அந்த ஆள் இப்போது பண்ணைக்காடு, பெருமாள்மலைப் பக்கமும் போவதாகக் கேள்விப்பட்டேன். அங்கே உள்ளவர்கள் புகாரில் சேர விரும்பினால் எழுதுங்கள், மனுவின் நகலை அனுப்புகிறேன்.