தமிழில் கதைத்தார் என்று நம்பினேன், 420 டொலர் போய்விட்டது: செயலி டிசைன் செய்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்

முந்தநாள் இரவு பிளே ஸ்டோரில் என் கையால் கீறிய ஐகனைக் கண்டேன். அதிலிருந்து நித்திரை இல்லை. ஆறுதலாக எழுதலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும், அதனால் இப்போதே எழுதுகிறேன். போனது 420 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 126,000 ரூபாய். விசுவமடுவில் ஒரு பழைய லப்டொப்பையும் இரவு டேட்டாவையும் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவளுக்கு அது எவ்வளவு பெரிய காசு என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்று எல்லாப் பக்கமும் என்னைப் போல வீட்டிலிருந்து டிசைன் செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் வேலை எடுப்பது வெளிநாட்டு ஃபிரீலான்ஸ் தளம் ஒன்றில். வேலை தருபவர் காசை முதலில் தளத்தில் கட்டி வைப்பார். வேலை முடிந்து அவர் சரி என்றதும் தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை எங்களுக்கு விடும். நூறு டொலருக்கு இருபது டொலர் அவர்களுக்கு.

ஜூன் மாதம் ஒருவர் வந்தார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரில் இருக்கிற தாய் தகப்பனுக்கு அரிசி, பருப்பு, பால்மா அனுப்புவதற்கு ஒரு செயலி. 38 திரைகள், ஐகன், பிளே ஸ்டோருக்குத் தேவையான படங்கள் எல்லாம் சேர்த்து 480 டொலர். முதல் இரண்டு நாளும் ஆங்கிலத்தில் எழுதினார். மூன்றாம் நாள் தமிழில் ஒரு குரல் செய்தி வந்தது. "தங்கச்சி, எங்கட அம்மான்ர ஊர் மல்லாவி. நான் சின்னனிலயே கனடாவுக்கு வந்திட்டன். ஆனா இரணைமடுவில குளிச்சது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது."

அந்த ஒரு குரல் செய்தியில்தான் நான் விழுந்தேன். அம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன். குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டார். "எங்கட சனம்தானே பிள்ளை, பயப்பிடாமச் செய்" என்றார். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணா.

முதல் ஆறு திரைக்கு 60 டொலர். அனுப்பிய அன்றே சரி என்றார், காசும் தளத்தின் வழியாக ஒழுங்காக வந்தது, ஐந்து நட்சத்திரமும் போட்டார். இப்போது யோசித்தால் அந்த 60 டொலர்தான் தூண்டில் புழு. அதற்குப் பிறகுதான் கேட்டார்: "தளக்காரனுக்கு ஏன் சும்மா காசு குடுப்பான்? வட்ஸ்அப்புக்கு வாங்கோ. மிச்சத்தை நேர உங்கட வங்கிக் கணக்குக்கே போடுறன்." 420 டொலரில் 20 வீதம் 84 டொலர். அந்த 84 டொலர் மிஞ்சும் என்று நானும் கணக்குப் பார்த்தேன், மறைக்கவில்லை. இலங்கையில் இருந்துகொண்டு பேபாலில் காசு வாங்க முடியாமல் எத்தனை வருடம் அலைந்தோம் என்று இந்த வேலை செய்பவர்களுக்குத் தெரியும். நேரே வங்கிக்கு வரும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஏழு கிழமை வேலை செய்தேன். இங்கே இரவு 10 மணி என்றால் அவர் இருக்கும் பக்கம் பகல் 12.30. அவர் கதைக்க வசதியான நேரமும் என் இரவு டேட்டாவும் ஒத்துவந்ததால் விடியப்புறம் வரை இருப்பேன்.

ஐகன் சின்னப் படம்தானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்ட்ரொயிட் போன்களில் ஒன்று ஐகனை வட்டமாக வெட்டும், இன்னொன்று மூலை வளைந்த சதுரமாக வெட்டும். 108 அலகு அகலத்துக்குக் கீறிக் கொடுத்தாலும், நடுவில் இருக்கும் 66 அலகு வட்டத்துக்குள் வருவது மட்டும்தான் எந்தப் போனிலும் வெட்டுப்படாது. நான் கீறியது கடகம், பனையோலையில் பின்னும் கூடை. அம்மம்மா பின்னியது ஒன்று வீட்டில் இருக்கிறது, அதை மேசையில் வைத்துப் பார்த்து முதலில் கொப்பியில் பென்சிலால் கீறினேன். லப்டொப்பில் போட்டபோது விளிம்பு வெட்டுப்பட்டது. உள்ளுக்குத் தள்ளினால், 48 பிக்சலில் ஓலைப் பின்னல் ஊத்தை பிடித்த மாதிரித் தெரிந்தது. பின்னலைக் குறைத்துக் குறைத்து ஐந்து ஓலைக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். 48, 72, 96, 144, 192 என்று ஐந்து அளவு, பிளே ஸ்டோருக்கு 512. அம்மம்மாவின் கடகத்தில் வலது பக்க விளிம்பில் நார் கொஞ்சம் பிய்ந்திருக்கும். 512 அளவில் மட்டும் தெரியும்படி அதையும் அப்படியே கீறி வைத்தேன்.

திரைகளும் அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் முடிகிற பட்டன் தமிழில் "பொருள் கிடைத்துவிட்டது" என்று நீளும். எழுத்தைச் சின்னதாக்கினால் வயது போனவர்களால் வாசிக்க முடியாது. ஊரில் இருக்கிறவர்கள் பார்க்கும் திரை எல்லாவற்றையும் அதற்காகவே இரண்டாம் தரம் அடுக்கினேன். அதைப் பார்த்துவிட்டு "இப்பிடி யோசிச்சுச் செய்யிற ஆக்கள் இல்லை தங்கச்சி" என்றார். அன்று எனக்கு எவ்வளவு சந்தோசம்.

ஆகஸ்ட் நடுப்பகுதியில் எல்லாம் முடிந்தது. ஃபிக்மாவில் (நான் டிசைன் செய்யும் ஒன்லைன் மென்பொருள்) இருக்கிற மூலக் கோப்பைத் தன் பெயருக்கு மாற்றச் சொன்னார். டெவலப்பர் வேலை தொடங்க வேண்டுமாம், திங்கட்கிழமை வங்கி திறந்ததும் காசு போடுவாராம். வெள்ளிக்கிழமை இரவு, உரிமையாளரை மாற்றும் இடத்தில் அவருடைய மின்னஞ்சலைப் போட்டு அமத்தினேன். இரண்டு செக்கனில் முடிந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை திறந்து பார்த்தால் எனக்கு அனுமதி இல்லை என்று வருகிறது. என் கோப்புக்குள் போக எனக்கே அனுமதி இல்லை!

கேட்டேன். "டெவலப்பர் ஏதோ மாத்தியிருப்பான், யோசிக்காதேங்கோ." திங்கள் கேட்டேன், வங்கி விடுமுறை என்றார். புதன் கேட்டேன், காசு அனுப்பியாகிவிட்டது, இலங்கை வங்கியில்தான் தாமதம் என்றார். கிளிநொச்சிக்கு பஸ் ஏறிப் போய் வங்கியில் விசாரித்தேன், அப்படி ஒன்றும் வரவில்லை. அனுப்பிய துண்டைக் கேட்டேன். "என்னில நம்பிக்கை இல்லையோ?" என்று கோபப்பட்டார், நானும் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அடுத்த கிழமை நீலச் சரி மட்டும் விழுந்தது, பதில் இல்லை. அதற்கு அடுத்த நாள் அவருடைய படமும் காணாமல் போனது.

சரி, தளத்திடம் போனேன். முதலில் இயந்திரம் எழுதிய பதில்: 48 மணித்தியாலத்தில் பார்ப்போம். ஆறு நாள் கழித்து ஒருவர் எழுதினார்: 60 டொலர் வேலை நல்லபடி முடிந்திருக்கிறது, மற்ற 420 டொலர் எங்கள் வழியாக வரவில்லை, ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை. அதோடு விடவில்லை. தளத்துக்கு வெளியே கொடுக்கல் வாங்கல் செய்ததற்காக என் கணக்குக்கு எச்சரிக்கை போட்டார்கள். அந்த ஆளுடைய பக்கம் ஐந்து நட்சத்திரத்தோடு இன்னும் அங்கேயே இருக்கிறது. நான்கு தரம் முறையிட்டேன், நான்கு தரமும் அதே பதில், புள்ளி கூட மாறவில்லை.

பொலிசுக்கும் போனேன். முறைப்பாட்டை எழுதினார்கள். எழுதியவர் கேட்டது: "படம் கீறினதுக்கு ஒரு லட்சத்துக்கு மேலயோ?" நாற்பது இரவு வேலை செய்தேன் ஐயா என்றேன். வெளிநாட்டு ஆள் என்றால் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

முந்தநாள்தான் செயலி பிளே ஸ்டோருக்கு வந்திருக்கிறது. வேறு பெயர், வேறு நிறம். ஐகனை விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்து ஓலை. வலது விளிம்பில் பிய்ந்த நார்.

லப்டொப் வாங்க அம்மாவின் காப்பு அடகில் இருக்கிறது. இந்த 420 டொலரில்தான் மீட்பதாக இருந்தோம்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், மனம் ஓடவில்லை. இவ்வளவுதான். தளத்தை விட்டு வட்ஸ்அப்புக்கு வரச் சொன்னால், என்ன மொழியில் சொன்னாலும் போகாதீர்கள். காசு கணக்கில் விழுமுன் மூலக் கோப்பைக் கொடுக்காதீர்கள், உரிமையாளரை மாற்றவே மாற்றாதீர்கள். பார்க்கக் கேட்டால் குறுக்கே உங்கள் பெயர் போட்ட படமாக அனுப்புங்கள், அது போதும். கோப்பின் பிரதி ஒன்றை உங்கள் லப்டொப்பில் இறக்கி வையுங்கள், நான் வைக்கவில்லை. கொப்பியில் கீறியதை எறியாதீர்கள். கீறியவருக்குப் பதிப்புரிமை கீறிய உடனேயே உண்டு, எங்கேயும் பதியத் தேவையில்லை. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைக் கண்டால் கூகுளுக்குப் பதிப்புரிமை முறைப்பாடு கொடுக்க ஒன்லைனில் படிவம் இருக்கிறது. நேற்று இரவு நான் நிரப்பி அனுப்பிவிட்டேன், கொப்பிப் பக்கங்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அரிசி பருப்பு அனுப்பும் செயலி, கடகம் போட்ட ஐகன். வெளிநாட்டில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர் யாருடைய போனிலாவது கண்டால் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.