பழகிய தேத்தண்ணியா, பழகாத தேயிலையா?

வீட்டு அலமாரியில் எத்தனை வகைத் தேயிலை இருக்கலாம் என்று யாராவது கேட்டால், இரண்டு என்பேன். தினமும் குடிப்பது ஒன்று, பழகிக்கொண்டிருப்பது ஒன்று. கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஒன்றோடு நிறுத்திக்கொள்வது பெரிய இழப்பு. பத்துப் பொட்டலங்களைப் பிரித்துப் போட்டு எதையும் முடிக்காமல் வைத்திருப்பதும் அதே அளவு இழப்புதான். நம் வீடுகளில் இரண்டு வகைக்காரர்களும் இருக்கிறார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் முதல் வகை, வேலைக்குப் போகும் பிள்ளைகள் இரண்டாம் வகை. சுவை, செலவு, நேரம், நம் ஊர் வெக்கை என்று எல்லாவற்றிலும் இரு தரப்பையும் எதிரெதிரே நிறுத்திப் பார்த்துவிடலாம்.

முதலில் பழகியது. மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் உணவுக் கடையில், இழுத்து ஆற்றித் தரும் பால் தேத்தண்ணியான தே தாரிக்கை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. கலக்குபவருக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து கவனியுங்கள். உயரமான டின்னில் துணிப்பை தொங்கும். அதற்குள் இருப்பது முழு இலை இல்லை, பொடிப்பொடியான தூள். இலை எவ்வளவு சிறிதாக நறுங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சாறு இறங்கும். அதனால்தான் சில நிமிடங்களிலேயே கருஞ்சிவப்புச் சாயம் கிடைக்கிறது. குவளையின் அடியில் கெட்டிப்பால், அதன்மேல் சாயம். பிறகு இரண்டு குவளைகளுக்கும் இடையே ஒரு கை நீளத்துக்கு இழுப்பார். அந்த இழுப்பில் பால் முழுதாகக் கலக்கிறது, நுரை எழுகிறது, உதடு தாங்கும் அளவுக்குச் சூடும் தணிகிறது. துவர்ப்பைத் தரும் பொருள்களைப் பாலில் உள்ள புரதம் பிடித்துக்கொள்வதால், எவ்வளவு கடுமையான சாயமும் தொண்டையில் தடங்கலில்லாமல் இறங்கும். தூள், பால், இழுப்பு மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்த ஏற்பாடு இது. 2024இல் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நாசி லெமாக், ரொட்டி சானாயோடு தே தாரிக்கும் அதில் இடம்பெற்றது. அந்த மதிப்பு அதற்குத் தகும்.

வீட்டுத் தேத்தண்ணிக்கு இன்னொரு கனம் உண்டு. கேமரன் மலையில் 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளிய கைகளில் நம்மவர்களின் கைகள் எத்தனை! நம்மில் பல குடும்பங்களில் தாத்தா பாட்டி பேச்சு எடுத்தாலே ஏதோ ஒரு தோட்டத்தில்தான் போய் நிற்கும். பசியாறும்போது குடிக்கிற அந்த ஒரு குவளைக்கு மாற்றுத் தேட வேண்டிய அவசியமே இல்லை. காலையில் புதிதாக எதையும் முயலாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. வெறும் வயிற்றில், அவசரத்தில், அரைத் தூக்கத்தில் எந்தப் புதுச் சுவைக்கும் நியாயம் கிடைக்காது.

ஆனால் பழகியதில் ஒரு குறை இருக்கிறது. கெட்டிப்பாலும் சீனியும் சேர்ந்தபின் தேயிலை எங்கே இருக்கிறது என்று நாக்குக்குத் தெரிவதில்லை. நல்ல தூளா, சுமாரான தூளா என்பதுகூட மறைந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ள எங்கும் போக வேண்டாம். வழக்கமான கடையிலேயே, “அண்ணே, தே ஓ கோசோங் ஒண்ணு” என்று கேளுங்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. முதல் வாய் கசக்கும். பாதிக் குவளைக்குள் கசப்புக்குப் பின்னால் ஒரு மணமும் மெல்லிய இனிப்பும் தட்டுப்படும். பழகாத தேயிலைகளுக்குள் நுழைய இதைவிட மலிவான வழி கிடையாது. இதைக் குடிக்கப் பிடிக்காதவர் விலையுயர்ந்த சீனத் தேயிலைக்குப் பணம் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

இனி எதிர்த்தரப்பு. பழகாத தேயிலை என்று ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசுவதால்தான் பலருக்கு முதல் முயற்சியிலேயே வெறுத்துப் போகிறது. பெரும்பாலும் தொடங்குவது ஜப்பானியப் பச்சைத் தேயிலையான சென்ச்சாவில். உடம்புக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி, நம் வழக்கப்படி நன்றாக ஊறவிட்டு வாயில் வைத்தால் கீரைத் தண்ணீரும் கசப்பும்தான். சென்ச்சாவுக்குத் தண்ணீர் 70 முதல் 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஒரு நிமிடம் ஊறினால் போதும். கொதித்த தண்ணீரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 10 டிகிரி இறங்கும், இரண்டு மூன்று முறை மாற்றினால் கணக்கு சரியாக வரும். இப்படிச் செய்தாலும், பால் தேத்தண்ணியில் வளர்ந்த நாக்குக்கு அது தூரத்து உறவுதான். சென்ச்சாவைக் கடைசிக்கு வையுங்கள். அதுவரை ஆசைப்பட்டால், பத்து கிராமை ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீரில் போட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த நீரில் கசப்பு குறைவாகவே இறங்கும். மதிய வெயிலுக்கு அது அருமையாக இருக்கும்.

நம் நாக்குக்குப் பக்கத்து வீடு லியூ பாவ். பெட்டாலிங் ஸ்திரீட் வட்டாரக் கடைகளில் கந்தோனீசில் ‘லுக் போ’ என்பார்கள். சீனாவின் குவாங்சி மாநிலத்து வூசோவ் பகுதியிலிருந்து வருவது. இலையை வதக்கி, உருட்டி, ஈரத்தோடு குவித்துப் புளிக்கவிட்டு, மூங்கில் கூடைகளில் அழுத்தி அடைத்து ஆண்டுக்கணக்கில் முதிர விடுகிறார்கள். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்யக் கூட்டம் கூட்டமாக இங்கே வந்த சீனத் தொழிலாளர்கள் குடித்த தேயிலை இதுதான். முழங்கால் ஈரத்தில் நாள் முழுக்க நின்றவர்கள், உடம்பின் சூட்டையும் ஈரத்தையும் இது எடுத்துவிடும் என்று நம்பினார்கள். பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் கோலாலம்பூரிலும் சுரங்கம் இருந்த இடத்துக்கெல்லாம் கூடை கூடையாக வந்து இறங்கியது. சுரங்கங்கள் மூடிய பிறகு கிடங்குகளில் மிஞ்சிக் கிடந்த பழைய கூடைகளைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். ரப்பர், தேயிலைத் தோட்டங்களில் நம்மவர்கள் சாயத் தண்ணீரோடு வேலைக்குப் போன அதே காலத்தில், சுரங்கத்தில் அவர்கள் குடித்தது இது. இரண்டும் ஒரே நாட்டின் உழைப்பாளிகளின் பானம். நூறாண்டுக்கு மேல் பக்கத்துத் தெருவில் இருந்தும் நாம் இதை வாயில் வைக்காமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நிறம் நம் சாயத்தைப் போலவே ஆழ்ந்த சிவப்பு. கொதிக்கும் தண்ணீரைத் தாங்கும், அதிகம் ஊறினாலும் சென்ச்சாபோல் கசந்து பழிவாங்காது. தனிப் பாத்திரம் வேண்டாம். ஐந்து கிராமை ஒரு சிறிய கூஜாவில் போட்டு, முதல் தண்ணீரை உடனே கொட்டிவிட்டு, அடுத்த தண்ணீரிலிருந்து குடிக்கலாம். ஆறேழு முறை ஊற்றினாலும் சாயம் இறங்கிக்கொண்டே இருக்கும். பிளாஸ்கில் போட்டு மூடி வைத்தாலும் சரிதான். வாசனை ஈர மரம், மண், கொஞ்சம் புகை. நல்ல முதிர்ந்த லியூ பாவில் பாக்கு மணம் வர வேண்டும் என்பார்கள் சீனர்கள். அந்த மணத்தை அடையாளம் காண, வெற்றிலைச் செல்லம் வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவரைவிடத் தகுதியானவர் யார்?

என் அம்மா கேமரன் மலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். முதல் தடவை ஊற்றிக் கொடுத்தபோது குடிக்கவில்லை. கூஜாவிலிருந்து ஊறிய இலையை எடுத்து உள்ளங்கையில் பரப்பி, கட்டை விரலால் பிரித்துப் பார்த்தார். “முத்தல் எலையும் காம்புமால்ல இருக்கு. இப்படிக் கிள்ளிக்கிட்டுப் போனா எங்க கங்காணி கூடையைத் திருப்பி அனுப்பிருவாரு, ஐயா” என்றார். அவர் சொன்னது சரி. ரெண்டு இலை, ஒரு மொட்டு என்பது அவர் பழகிய பாடம், லியூ பாவுக்கோ முற்றிய இலையும் காம்பும்தான் அந்த வழுவழுப்பையும் இனிப்பையும் தருகின்றன. பிறகு ஒரு வாய் குடித்தார். பரண் சாக்கு மணக்கிறது என்றார். இப்போது மீன் குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு, “அந்தச் சீனத் தண்ணி இருக்கா?” என்று அவராகவே கேட்கிறார். காலையில் மட்டும் இன்னமும் பால் தேத்தண்ணிதான். நான் சொல்ல வருகிற ஏற்பாட்டை அவர் யாரும் சொல்லாமலே செய்துகொண்டார்.

லியூ பாவுக்கு அடுத்த படி ஊலோங், அதாவது பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சீனத் தேயிலை. அதிலும் நெருப்பில் வறுத்த வகை. புகியென் மாநிலத்து அன்சி ஊரின் தியே குவான் யின் இரண்டு விதமாகக் கிடைக்கிறது. பச்சையாக இருப்பதில் பூ மணம் தூக்கல், வறுத்ததில் வறுத்த தானியமும் கருகலின் விளிம்பும். நம்மவர்களுக்கு வறுத்தது முதலில் பிடிக்கும், பச்சை பிறகு பிடிக்கும். இறுக உருட்டிய மணிகள் வெந்நீரில் அவிழ்ந்து முழு இலையாக விரிவதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். டார்ஜிலிங்கும் நல்லதுதான், ஆனால் இங்கே கிடைக்கிற பொட்டலங்களில் புதியது எது, பழையது எது என்று சொல்வது கடினம், அதனால் அவசரம் இல்லை.

செலவுக்கு வருவோம். புதுத் தேயிலை பணக்காரர் விவகாரம் என்ற பேச்சு பாதி உண்மை. பழைய கூடை லியூ பாவ், பெயர்பெற்ற வூயி பாறைத் தேயிலை எல்லாம் விலை எங்கேயோ போகும், அதைத் தொட வேண்டாம். சாதாரணமானது ஐம்பது கிராம் 25 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கிராம் வீதம் பத்து முறை, ஒரு முறைக்கு இரண்டரை வெள்ளி. அதில் இரண்டு மூன்று பேர் ஆறேழு சுற்றுக் குடிக்கலாம். மாமாக் கடையில் ஒருவருக்கு ஒரு குவளைக்கு ஆகிற காசுதான். வீட்டுத் தூளோடு ஒப்பிட்டால் தூள்தான் மலிவு, அதில் சந்தேகமில்லை. உண்மையில் பணம் வீணாவது விலையால் அல்ல, அளவால். ஒரு தடவை குடித்துப் பிடித்துப்போய், அதே மகிழ்ச்சியில் அரைக் கிலோ வாங்கி, பிறகு தொடாமல் விடுவதால்தான்.

நம் ஊர்க் காற்று இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்குகிறது. கோலாலம்பூர் ஈரப்பதத்தில் பச்சைத் தேயிலையும் பச்சை ஊலோங்கும் திறந்த சில வாரங்களிலேயே மணம் இழக்கும். காற்றுப் புகாமல் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தாலும் சீக்கிரம் முடிப்பதே நல்லது. லியூ பாவுக்கு இதே வெக்கை உதவி செய்கிறது. சமையலறையின் சாம்பார்ப்பொடி வாசனை எட்டாத, வெயில் படாத இடத்தில் வைத்தால் போதும், நாளாக ஆக மென்மை கூடும். மலேசியாவில் முதிர்ந்த லியூ பாவுக்குத் தனி மதிப்பு இருப்பதற்கு நம் தட்பவெப்பமும் ஒரு காரணம். பல வகைகளை ஒரே நேரத்தில் திறக்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். திறந்தது முடிந்த பிறகே அடுத்தது.

நேரத்தில் இரண்டும் போட்டி போடவே தேவையில்லை. விருந்தாளி வந்தால் பால் தேத்தண்ணி, அதில் விவாதம் கிடையாது. சித்தப்பா வந்து உட்கார்ந்ததும் புகை மணக்கிற கறுப்புத் தண்ணீரை நீட்டி, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது உபசாரம் ஆகாது. புதியதற்கு ஞாயிறு மாலையோ, பிள்ளைகள் தூங்கிய பிறகோ, யாருக்கும் எதையும் பரிமாற வேண்டாத ஒரு பொழுது வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம், எந்தத் தேயிலையிலும் காஃபின் உண்டு. ஒரு புதுத் தேயிலையை முதல் குவளையில் தள்ளுபடி செய்யாதீர்கள், முதல் குவளையில் காதலிக்கவும் வேண்டாம். தண்ணீரின் சூட்டையும் ஊறும் நேரத்தையும் மாற்றிப் பாருங்கள். பொட்டலம் பாதியானபோதும் கை தானாக அதைத் தேடவில்லை என்றால் அது உங்களுக்கு இல்லை, நண்பருக்குக் கொடுத்துவிடலாம். கை தேடினால், காலைக் குவளையின் இடத்தை மட்டும் அதற்குக் கொடுக்காமல் மாலையில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்க நினைப்பவர்கள், அடுத்த முறை ஜாலான் துன் எச். எஸ். லீ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது அர்ச்சனை முடிந்ததும் அப்படியே பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் நடந்து ஒரு தேயிலைக் கடைக்குள் போங்கள். மலாயில் பேசினாலே போதும். கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் பல கடைகளில் உட்காரச் சொல்லி ஊற்றிக் கொடுப்பார்கள். சாதாரண லியூ பாவ், பழையது வேண்டாம், ஐம்பது கிராம் என்று சொல்லுங்கள். பெரிய பொட்டலமாகத்தான் தருவோம் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.