அசிஸ்தீரா, அதெந்தேரா?

ஆங்கிலம் வழியாக ஸ்பானிஷ் கற்பவர்களை இந்த இரண்டு வினைச்சொற்களும் நன்றாகக் குழப்பும். 'அசிஸ்தீர்' என்றதும் 'அசிஸ்ட்' நினைவுக்கு வரும். ஆனால் 'அசிஸ்தீர் ஆ கிளாசே' என்றால் வகுப்புக்குப் போவது. அந்த 'ஆ'வை விட்டுவிடக் கூடாது. 'அதெந்தேர்' வேறு: கடையில் வாடிக்கையாளரைக் கவனிப்பது, போனை எடுப்பது, மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது. 'கூட்டத்தை அட்டெண்ட் பண்ணினேன்' என்பதற்கு இது பொருந்தாது.

வெட்கப்பட்டதைச் சொல்ல நினைத்து 'எம்பராசாதா', அதாவது கர்ப்பிணி, என்று சொல்லும் தவறு பிரபலம். அதை யாராவது உடனே திருத்திவிடுவார்கள். இந்த ஜோடியில் தவறினாலோ, கேட்பவர் வேறொன்றாகப் புரிந்துகொண்டு பேச்சைத் தொடர்ந்துவிடுவார். அதனால் இதைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். சரி, வெறுமனே உதவுவதற்கு? 'அயுதார்' போதும்.