13 அடி பிளாங்க், 14,500 ரூபாய்: கார்பன் என்று சொல்லி ஃபைபர் கிளாஸைத் தலையில் கட்டினார்கள்

தூண்டில் ராடு உடைந்து இன்றோடு நாலு நாள். ஆத்திரம் அடங்கவில்லை. அது அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். கரையிலிருந்து கனமான ஈயம் வீசுவதற்கு ஒரு ராடை நானே கட்ட ஆசைப்பட்டு, அதற்கு பிளாங்க் வாங்கப் போய், 14,500 ரூபாயைத் தொலைத்தேன். பிளாங்க்கை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

கடையின் பெயரைப் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறேன். மீன்பிடிச் சாமான் மட்டும் விற்கிற ஆன்லைன் கடை, பேச்சுவார்த்தை முழுக்க மொபைல் மெசேஜில்தான். அந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

பிளாங்க் என்பது கைடு (நூல் ஓடுகிற வளையம்), ரீல் சீட் (ரீலைப் பொருத்துகிற இடம்), கைப்பிடி எதுவும் இல்லாத வெறும் குழல். மற்றதெல்லாம் அதன் மேல் நாம் கட்டுவது. கைடு தப்பாகப் போனால் பிரித்துக் கட்டலாம். குழல் தப்பு என்றால் கட்டிய எல்லாமே வீண்.

நான் வீசுவது கோவளம் பக்கம். ஐப்பசி, கார்த்திகையில் வன்னி ஓடும், அதாவது வடக்கிலிருந்து தெற்கே நீரோட்டம் இழுக்கும். அப்போது 100 கிராம் ஈயமெல்லாம் நிற்காது. போட்ட இரண்டாவது நிமிடம் உருண்டு உருண்டு கரையோரமே வந்துவிடும். கம்பி நகம் வைத்த ஈயம் 150, 170 கிராம் வேண்டும். அதோடு இரை பாதி காணாங்கெளுத்தி. இரண்டாவது மணல் திட்டைத் தாண்டிப் போட்டால்தான் காலா, கொடுவா, திருக்கை. கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிற ராடுகளில் 200 கிராம் வரை என்று எழுதியிருக்கும், 120 கிராமுக்கே மடங்கும். அதனால்தான் 13 அடி, இரண்டு துண்டு, 4 முதல் 8 அவுன்ஸ் கார்பன் பிளாங்க் என்று முடிவு செய்தேன். ஒரு அவுன்ஸ் 28 கிராம் சொச்சம். ஆக 113 கிராமிலிருந்து 227 கிராம் வரை தாங்க வேண்டும்.

நான் முதலில் கேட்டது 22,000 ரூபாய் பிளாங்க். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நான் விழுந்தது இந்த இடத்தில்தான். கடை சார்பில் மெசேஜில் பேசிய பையன் என்ன சொன்னான் தெரியுமா? "அண்ணா, அது உங்களுக்கு வேண்டாம். ரொம்ப விறைப்பு, வாரத்துக்கு ஒருநாள் வீசுறவங்களுக்குத் தோள்பட்டை போயிடும். இது 14,500. நானே இதைத்தான் போடறேன்." என் உயரம் கேட்டான். எத்தனை கிராம் ஈயம், மணலா பாறையா, பின்னல் நூலான பிரெய்டா தங்கூஸா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அன்று ராத்திரியே ஒரு வீடியோ அனுப்பினான். கடற்கரையில் நின்று, பிளாங்க்கின் நுனியை ஒருவர் பிடித்துக்கொள்ள, இவன் அடியைப் பிடித்து வளைக்கிறான். பின்னால் அலைச் சத்தம். விட்டதும் விருட்டென்று நிமிர்கிறது.

7,500 ரூபாய் வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்கிறவன் ஏமாற்றுவான் என்று யாருக்குத் தோன்றும்? "நல்ல பையன், நமக்காகப் பேசறான்" என்று என் மனைவியிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஜிபேயில் 14,500 ரூபாயையும் மொத்தமாகப் போட்டேன்.

ஐந்து நாள் என்றார்கள், பதினாறாவது நாள் வந்தது. பிவிசி பைப்புக்குள், இரண்டு பக்கமும் டேப் சுற்றி. உருவி எடுத்தபோது பளபளவென்று கறுப்பு, அடிப்பக்கம் பாய் பின்னல் மாதிரி கார்பன் நெசவு. '24 டன்' என்று ஸ்டிக்கர். ஆனால் கையில் தூக்கியதுமே கனம். சமையலறைத் தராசில் இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தேன். 835 கிராம். அவன் மெசேஜில் எழுதியிருந்தது 520.

கேட்டேன். "அது ஜாயின்ட் இல்லாத எடை அண்ணா. ஜாயின்ட்ல எக்ஸ்ட்ரா துணி சுத்தியிருக்கு, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு." ஜாயின்ட்டில் கூடுதலாகச் சுற்றினால் இருபது, முப்பது கிராம் கூடும். முந்நூறு கிராம் எங்கிருந்து வரும்? எனக்கு இது தெரியும். தெரிந்தும், பதினாறு நாள் காத்திருந்த பொருளைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும்.

மூன்று வாரம், தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து கட்டினேன். உருட்டிப் பார்த்து, குழல் விறைப்பாக இருக்கிற முதுகுப் பக்கம் குறித்து, கைடுக்கு இடம் பிரித்து, நூல் சுற்றி, எபாக்ஸி வழியாமல் இருக்கத் திருப்பிக்கொண்டே இருந்து. கைடு, ரீல் சீட் செலவு தனி. அதை நான் இந்த 14,500-இல் சேர்க்கவே இல்லை.

இந்த ஞாயிறு விடியற்காலை. நானும் மச்சானும். 60 பவுண்டு ஷாக் லீடர் (வீச்சின் வேகத்தைத் தாங்க நூல் நுனியில் கட்டுகிற தடித்த நூல்), 170 கிராம் ஈயம், இரை இல்லை. அவுன்சுக்கு 10 பவுண்டு என்ற கணக்கில் லீடர் சரியாகத்தான் இருந்தது. முதல் இரண்டு வீச்சு பாதி வேகத்தில். ராடு நடுவில் மடங்கி, ஈயம் போன பிறகும் நுனி ஆடிக்கொண்டே இருந்தது. கார்பன் அப்படி ஆடாது. மூன்றாவது வீச்சில் கொஞ்சம் பலம் கொடுத்தேன், முழு பலம்கூட இல்லை. காய்ந்த பனைமட்டை முறிகிற சத்தம். ஜாயின்ட்டுக்கு ஒரு சாண் மேலே இரண்டாகப் போனது. லீடரும் அறுந்து, ஈயம் நேரே போகாமல் இடது பக்கம் திரும்பியது. இரைப் பெட்டியோடு அங்கே நின்றது என் மச்சான். அவரிடமிருந்து இரண்டு கை தூரத்தில் ஈர மணலுக்குள் இறங்கியது ஈயம். 170 கிராம். அது தலையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. 14,500 ரூபாயைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

முறிந்த வாயைப் பார்த்தேன். உள்ளே வெளிர் மஞ்சளில் விளக்குமாறு மாதிரி பிரிந்து நிற்கிற நார். அதற்கு மேலே காகிதம் போல ஒரே ஒரு சுற்று கறுப்புத் துணி. குழலின் சுவர் ஒரு பக்கம் தடிமனாக இருக்கிறது, எதிர்ப்பக்கம் அதில் பாதிகூட இல்லை. தொட்ட விரலில் இறங்கிய சிலாம்பு இன்னும் அரிக்கிறது.

மச்சான் எலக்ட்ரீஷியன். வீட்டுக்கு வந்ததும் மல்டிமீட்டரை எடுத்தார். கார்பன் மின்சாரம் கடத்தும், கிளாஸ் கடத்தாது. முறிந்த வாயில் இரண்டு முனையையும் அழுத்தினால் மீட்டர் அசையவில்லை. வெளிக் கறுப்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு வைத்தால் காட்டுகிறது. என்னிடம் கிடந்த பழைய கார்பன் ராடின் உடைந்த துண்டில் எங்கே வைத்தாலும் காட்டுகிறது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. உள்ளே முழுக்க ஃபைபர் கிளாஸ், மேலே கார்பன் சட்டை.

கிளாஸ் கெட்ட பொருள் இல்லை. நன்றாகச் சுற்றிய கிளாஸ் பிளாங்க் கார்பனைவிட அடி தாங்கும். ஆனால் சாதாரண கார்பன் நாரோடு பார்த்தால் அதன் விறைப்பு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, எடையோ அதிகம். கிளாஸை கிளாஸ் என்று சொல்லி அதற்குரிய விலைக்கு விற்றால் நான் ஏன் வாய் திறக்கிறேன்? இவன் கார்பன் விலை வாங்கினான், சுவர்கூடச் சீராகச் சுற்றாத கிளாஸைக் கொடுத்தான்.

அப்புறம் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு மத்தியானம் போட்டோ அனுப்பினேன். திங்கள்தான் பதில், அண்ணா போய் சார் வந்துவிட்டது. "ஓவர்லோடு பண்ணிட்டீங்க சார்." நான் போட்டது 170, நீங்கள் எழுதியது 227 என்றேன். "அது மேக்ஸிமம் சார், அதை வச்சு வீசக் கூடாது." வீசுகிற எடை என்று அவனே எழுதிய மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டேன். "கைடு கட்டிட்டீங்க, எபாக்ஸி போட்டுட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது." பிளாங்க்கை வேறு எதற்கு வாங்குவார்கள்? கொடி கட்டித் துணி காயப்போடவா? அடுத்து, "ஓனர் வெளியூர்ல இருக்கார்." அடுத்து, "கம்பெனிக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணணும், கொரியர் செலவு உங்களோடது." சரி, அனுப்புகிறேன், முகவரி கொடு என்றேன். பதில் இல்லை. மல்டிமீட்டர் வீடியோவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. சாயங்காலம் அவன் படமே மறைந்துபோனது.

செவ்வாய் மனைவியின் போனிலிருந்து அடித்தேன். "சொல்லுங்கக்கா" என்று தேனாகப் பேசினான். என் குரல் கேட்டதும் "ராங் நம்பர்" என்று வைத்தான்.

அன்று ராத்திரி அந்தப் பழைய வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அதில் இருப்பதன் ஜாயின்ட்டில் ஒரு சிவப்பு வளையம் தெரிகிறது. எனக்கு வந்ததில் வளையமே இல்லை. நான் நம்பியது வேறொரு பிளாங்க்கை.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். 2020-இல் வந்த ஆன்லைன் வணிக விதிகளின்படி, சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போவேன். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் இல்லை. 14,500-க்காக அலைய வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். அலைவேன்.

பிளாங்க் தேர்வு பற்றி விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது நிதானமாக எழுத முடியவில்லை. சட்டென்று சிலது மட்டும். தராசில் வைத்து எடை தெரிகிற போட்டோ, வெட்டுவாயைக் கிட்டத்தில் காட்டுகிற போட்டோ, இரண்டும் வராமல் பணம் போடாதீர்கள். 'டன்' நம்பரைப் பார்த்து மயங்காதீர்கள். அது விறைப்பைச் சொல்வது, பலத்தை இல்லை, ஸ்டிக்கரில் யார் எதை வேண்டுமானாலும் அடிக்கலாம். பார்சலை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். கட்டுவதற்கு முன் அடியைப் படுக்கை மட்டத்தில் இறுக்கி, நுனியில் பை கட்டி, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த எடையைக் குறியுங்கள். வில்லியம் ஹானிமன் என்பவர் ராடின் விறைப்பை அளக்கக் காசுகளை வைத்துச் செய்த அளவுமுறை இதுதான். நண்பரிடம் இருக்கிற நல்ல ராடோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். முதல் வீச்சின்போது பக்கத்தில் யாரையும் நிறுத்தாதீர்கள்.

நேற்று ஒரு தம்பி எனக்கு ஒரு வீடியோ அனுப்பி, "இந்த பிளாங்க் வாங்கலாமாண்ணா?" என்று கேட்டான். அதே அலைச் சத்தம், அதே சிவப்பு வளையம், அதே 14,500. உடனே போன் அடித்தேன். பாதிப் பணம் போட்டாகிவிட்டது என்றான்.