டபாரியா ஸ்பேனர் செட்டும் கட்டிங் பிளேயரும்: இரண்டு ஆண்டு அனுபவமும் பெட்டியின் பின்பக்கமும்

வீட்டில் ஒரு போர்வெல் மோட்டாரும் இரண்டு இருசக்கர வாகனங்களும் இருப்பதால், மாதத்தில் நான்கைந்து முறையாவது ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊர் ஹார்டுவேர் கடையில் டபாரியா நிறுவனத்தின் எட்டு ஸ்பேனர்கள் கொண்ட டபுள் எண்ட் (இரு முனையிலும் வெவ்வேறு அளவு வாய் உள்ள) செட்டையும் 8 அங்குலக் கட்டிங் பிளேயரையும் வாங்கினேன். அதற்கு முன் பட்ட ஒரு ஏமாற்றம்தான் என்னை அந்தக் கடைக்குப் போக வைத்தது.

இணையத்தில் வாங்கிய வேறொரு ஸ்பேனர் செட் அது. பெட்டியின் முகப்பில் மூவண்ணமும், இந்திய பிராண்ட் என்ற பெரிய எழுத்துகளும் இருந்தன. ஒவ்வொரு ஸ்பேனரிலும் குரோம் வனேடியம் (கருவிகளுக்கான உறுதியான எஃகுக் கலவை) என்ற முத்திரையும் இருந்தது. மூன்றாவது மாதத்தில் ஸ்கூட்டரின் சைலன்சரைக் கழற்ற 12 எண் ஸ்பேனரை மாட்டி அழுத்தியபோது, அதன் வாய் மெல்ல விரிந்து போல்ட்டின் தலையை வழித்துவிட்டது. கை வழுக்கி விரல் முட்டிகள் ஃபுட்ரெஸ்டில் மோதித் தோல் உரிந்தது. மழுங்கிய போல்ட்டை எடுக்க மெக்கானிக்கிடம் ஒரு முழு நாள் வண்டியை விட வேண்டியதாயிற்று. அன்று மாலைதான் பெட்டியை முதன்முறையாகத் திருப்பிப் பார்த்தேன். கீழ் ஓரத்தில், கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டிய அளவில், 'இறக்குமதி செய்து சந்தைப்படுத்துபவர்' என்று ஒரு முகவரியும், அதற்கடுத்த வரியில் வேறொரு நாட்டின் பெயரும் இருந்தன.

பெட்டியில் பொய் எதுவும் இல்லை. பிராண்ட் இந்தியப் பிராண்ட்தான். பொருள்தான் இங்கே செய்யப்பட்டதல்ல. இந்த வேறுபாட்டை அறிய நமக்கு உதவுவது சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011. அதன்படி ஒவ்வொரு பொட்டலத்திலும் உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். பொட்டலமிட்டவர் வேறு ஆள் என்றால் அவர் பெயரும், இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயரும் இருக்க வேண்டும். 2018 ஜனவரி 1 முதல், இறக்குமதிப் பொருளில் அது எந்த நாட்டில் தோன்றியது, உற்பத்தியானது அல்லது பொருத்தப்பட்டது என்பதையும் அச்சிடுவது கட்டாயம். 'பொருத்தப்பட்டது' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பல பாகங்கள் கொண்ட ஒரு கருவியில், லேபிளில் உள்ள நாடு பாகங்களைச் சேர்த்து மாட்டிய நாடாக மட்டுமே இருக்கலாம். ஸ்பேனரைப் போல ஒரே துண்டு எஃகில் அடித்துச் செய்த கருவிக்கு இந்தக் குழப்பம் குறைவு.

கடைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு கருத்து, பார்கோடு 890 என்று தொடங்கினால் அது இந்தியத் தயாரிப்பு என்பது. இது தவறு. அந்த எண், பார்கோடு வாங்கிய நிறுவனம் இந்தியாவில் பதிவு செய்துகொண்டதை மட்டுமே காட்டும். பொருள் எந்தப் பட்டறையில் உருவானது என்பதற்கு அது சாட்சியல்ல. அதேபோல, உள்நாட்டு உள்ளடக்கம் 50 சதவீதம் இருக்க வேண்டும் என்று சொல்லப்படுவது அரசுக் கொள்முதலில் முதல் வகுப்பு உள்ளூர் வழங்குநருக்கான அளவுகோல். அதைக் கடையில் வாங்கும் பெட்டிக்குப் பொருத்திப் பார்க்க இயலாது. அமெரிக்காவில் ஒரு பொருளை நிபந்தனையின்றி அமெரிக்கத் தயாரிப்பு என்று விளம்பரப்படுத்த, அது முழுமையாகவோ ஏறத்தாழ முழுமையாகவோ அங்கேயே செய்யப்பட்டிருக்க வேண்டும் என்ற விதி 2021 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வளவு இறுக்கமான வரையறை இங்கும் வர வேண்டும் என்பது என் விருப்பம். அதுவரை, 'உற்பத்தியாளர்', 'சந்தைப்படுத்துபவர்', 'இறக்குமதியாளர்' ஆகிய மூன்று சொற்களில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பதே நம்மிடம் உள்ள நம்பகமான வழி.

இனி டபாரியா. 1969 முதல் கைக்கருவிகளைச் செய்துவரும் நிறுவனம் அது. தொடக்கத்தில் ஒரு ஸ்வீடன் நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்பு அதற்கு இருந்தது. நான் வாங்கிய பெட்டியில் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்கு நேராக நாசிக் முகவரி இருந்தது. செட்டில் 6-7 முதல் 20-22 வரை அளவுகள் உள்ளன; நான் அதிகம் எடுப்பவை 10-11, 12-13, 16-17 ஆகிய மூன்றும்தான். துரு ஏறிய மோட்டார் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை 16-17 ஸ்பேனரால், கால் கொடுத்து மிதிக்காமல், கையின் பலத்தை மட்டும் கொண்டு பலமுறை கழற்றியிருக்கிறேன். வாய் இன்னும் விரியவில்லை. புதிய போல்ட்டின் தலையில் மாட்டி ஆட்டிப் பார்த்தால், முதல் நாள் இருந்த அதே நெருக்கம் இன்றும் இருக்கிறது.

கட்டிங் பிளேயரை வாங்கும்போது தாடையை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். வெட்டும் விளிம்பில் ஒளிக்கீற்று தெரியவில்லை. கடைக்காரர் தாமாகவே ஒரு துண்டுச் செய்தித்தாளை நீட்டினார். அதைக் கிழிக்காமல் நேராக நறுக்கியது. இரண்டு ஆண்டுகளில் கட்டுக்கம்பி, 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி, சைக்கிள் பிரேக் கேபிள் எல்லாவற்றையும் அதில் வெட்டியிருக்கிறேன். பிடியில் உள்ள பிளாஸ்டிக் உறையைப் பார்த்து யாரும் மின்சாரம் ஓடும் கம்பியைத் தொட வேண்டாம். 1000 வோல்ட் குறியீடு இல்லாத உறை கைக்கு இதமானது மட்டுமே, காப்பு அல்ல.

உள்நாட்டுக் கருவிகளைப் பொதுவாகப் பார்த்தால், வெளிநாட்டுக் கருவிகளின் கண்ணாடி போன்ற மெருகு அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணெய்க் கையோடு பிடிக்கும் பொருளுக்கு அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை. அடித்துச் செய்யும் எளிய கருவிகளில் நமக்கு நீண்ட கால வலிமை உண்டு: ஜலந்தரும் லூதியானாவும் ஸ்பேனர்களை உலகெங்கும் ஏற்றுமதி செய்கின்றன, அரத்துக்கு ரத்னகிரியில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஜே.கே. இருக்கிறது. ஸ்பேனர், கட்டிங் பிளேயர், திருப்புளி, அரம், சுத்தியல் ஆகியவற்றுக்கு வெளியே தேட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் முடிவு. அதற்காக, ஒரு பிராண்டின் எல்லாப் பொருளும் ஒரே இடத்தில் உருவாகும் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியே படிக்கத்தான் வேண்டும்.

இணையத்தில் வாங்குவோர், இறக்குமதிப் பொருளின் உற்பத்தி நாட்டை விற்பனைப் பக்கத்திலேயே காட்டும்படி மின்வணிக விதிகள் 2020 முதல் கூறுகின்றன என்பதை அறிந்திருக்க வேண்டும். பக்கத்தில் சொன்னதும் பெட்டியில் உள்ளதும் மாறுபட்டால், இரண்டையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் பொட்டல விதிமீறல்களைத் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு கவனிக்கிறது.

அடுத்து ஒரு ராட்செட் சாக்கெட் செட் (போல்ட்டிலிருந்து எடுக்காமலேயே முன்னும் பின்னும் ஆட்டித் திருகும் கைப்பிடி கொண்டது) வாங்க வேண்டும். அதற்குள் சிறு பற்களும் ஸ்பிரிங்கும் இருப்பதால், இரண்டு கடைகளில் உள்நாட்டுத் தயாரிப்புகளைச் சுற்றிப் பார்த்துவிட்டே முடிவு செய்வேன். தைவான் என்று லேபிளில் வெளிப்படையாக எழுதிய ஒன்று அவற்றைவிட நன்றாகச் சுழன்றால், அதை வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை.