1964 புயலா, 2008 நிஷாவா?

யாழ்ப்பாணத்தில் புயல் பேச்சு எழுந்தால் பெரியவர்கள் 1964ஐச் சொல்வார்கள், இளையவர்கள் நிஷாவை. இரண்டும் வங்காள விரிகுடாவில் பிறந்தவைதான், குணம் வேறு.

1964 புயல் தென் அந்தமான் கடலில் டிசம்பர் நடுப்பகுதியில் தாழமுக்கமாகத் தொடங்கியது. பல நாள் சூடான கடல்மேல் நகர்ந்ததால் நீராவியை உறிஞ்சிப் பலம் ஏற்றிக்கொண்டது. 22ஆம் திகதி வவுனியாப் பக்கமாக இலங்கையைக் கடந்து, அன்றிரவே தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்தது. ரயிலையே கடல் கொண்டுபோனது. காற்றும் அது தள்ளிவந்த கடல்நீரும்தான் அங்கே எமன்.

நிஷா 2008 நவம்பரில் இலங்கைக்கு அருகிலேயே உருவானது. பலம் ஏற்ற அதற்குப் போதிய கடல் இல்லை. ஆனால் ஆள் அசையவில்லை, நின்று கொட்டியது. நவம்பர் 25 அன்று மட்டும் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறைய 390 மில்லிமீற்றர்!

குடாநாட்டில் பெரிய ஆறு கிடையாது, வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடுவது. தட்டையான நிலத்தில் வெள்ளம் எங்கே போகும்? வளவுக்குள் நிற்கும். மலகூடக் குழியும் கிணறும் ஒரே தண்ணீராகிவிடும். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் அழுக்கு நிலத்தடிக்கும் இறங்கும். வெள்ளம் வடிந்த பிறகும் கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

கரையோரத்தில் குடியிருப்பவருக்கு 1964 மாதிரிப் புயல்தான் அதிகப் பயம். கரையிலிருந்து உள்ளே தாழ்வான காணியில் இருப்பவருக்கு, என்னைக் கேட்டால், நிஷாதான். வானிலை அறிவிப்பில் எல்லாரும் காற்றின் வேகத்தைத்தான் பார்க்கிறோம். புயல் எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்பதையும் பாருங்கள்.